ஹேட்லி ஸ்டேஷனை மறந்துவிடாதீர்கள்: பிபிசிக்கு ஒரு திறந்த மடல்

பிபிசி நகைச்சுவைப் பிரிவில் எதை எடுப்பது, எதை மறுபடி காட்டுவது என்று முடிவு செய்பவர்களுக்கு,

வணக்கம். உங்களிடம் இரண்டு விஷயங்கள் கேட்கிறேன். 1995 முதல் 1997 வரை நீங்கள் ஒளிபரப்பிய ‘ஓ, டாக்டர் பீச்சிங்!’ தொடரை முதலிலிருந்து கடைசிவரை, வரிசை மாறாமல், நல்ல அறிமுகத்தோடு மறுபடியும் காட்டுங்கள். அப்புறம், இன்றைய சின்ன ரயில் நிலையம் ஒன்றை வைத்துப் புதிதாக ஒரு நகைச்சுவைத் தொடர் எடுங்கள். 1941 முதல் தமிழில் பேசிவரும் நிறுவனம் நீங்கள். உங்களுக்கு உரிமக் கட்டணம் கட்டும் தமிழ்க் குடும்பங்களும் இந்த நாட்டில் நிறைய. அதனால்தான் தமிழிலேயே எழுதுகிறேன்.

தமிழ் வாசகர்களில் பலர் இந்தத் தொடரைப் பார்த்திருக்க மாட்டார்கள். அவர்களுக்காகக் கொஞ்சம் கதை சொல்லிவிடுகிறேன். காலம் 1963. ஹேட்லி என்று ஒரு கற்பனை ஊர். அங்கே கிளைப்பாதையில் ஒரு குட்டி ஸ்டேஷன். ஜாக் ஸ்கின்னர் என்ற போர்ட்டர்தான் ஸ்டேஷன் மாஸ்டர் வேலையைத் தற்காலிகமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவர் மனைவி மே, பிளாட்பாரத்தில் இருக்கும் தேநீர்க் கடையை நடத்துகிறார். டிக்கெட் கவுண்டரில் எத்தல். சிக்னல் பெட்டியில் ஹாரி. இவர்களுக்கு நடுவே செசில் பார்க்கின் என்ற கறாரான ஸ்டேஷன் மாஸ்டர் வந்து இறங்குகிறார். வந்தவர் மேயின் பழைய காதலர். ஜாக்குக்கு அது தெரியாது. இது போதாதென்று, லண்டனில் உட்கார்ந்து டாக்டர் பீச்சிங் என்று ஒருவர் மூட வேண்டிய ரயில்பாதைகளின் பட்டியல் போடுகிறார், அதில் நம் ஊர் இருக்குமோ என்ற பயம் எல்லோர் தலைமேலும் தொங்குகிறது.

பால் ஷேன், சூ பொலார்ட், ஜெஃப்ரி ஹாலண்ட் என்று உங்கள் 1980களின் விடுமுறை முகாம் தொடரில் சேர்ந்து நடித்த அதே மூவர்தான் இதிலும் முக்கியமானவர்கள். டேவிட் கிராஃப்டுடன் சேர்ந்து தொடரை உருவாக்கியவர் ரிச்சர்ட் ஸ்பெண்ட்லவ். ஸ்பெண்ட்லவ் பல வருஷம் ரயில்வேயில் வேலை பார்த்தவர், பிற்பாடு உங்கள் உள்ளூர் வானொலியில் குரல் கொடுத்தவர். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒரு சின்ன ஸ்டேஷனில் பொழுது எப்படிப் போகும் என்பது உள்ளே இருந்தவருக்குத்தான் தெரியும். தொடரில் அது தெரிகிறது.

ஹாரியை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டீபன் லூயிஸ் நடித்தது. நாளுக்கு ஒரு சில ரயில்தான் வரும். நடுவில் கிடைக்கும் நேரத்தில் ஹாரி சிக்னல் பெட்டியிலேயே ஊர்க்காரர்களுக்கு முடி வெட்டிவிடுகிறார், சைக்கிள் பழுதுபார்க்கிறார், காய்கறி விற்கிறார். பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ரயில் இல்லாத நேரத்திலும் அவர் அங்கே இருந்தாக வேண்டும். மணி அடித்தால் எழுந்து லீவரை இழுத்தாக வேண்டும். கணக்கு எழுதுகிறவர் கண்ணுக்கு அது வீண் சம்பளம். ஊர்க்காரனுக்கோ, ஸ்டேஷனுக்குப் போனால் கண்டிப்பாக ஒரு ஆள் இருப்பார் என்ற தைரியம். தொடர் இதைப் பிரசங்கம் செய்யவில்லை. கத்திரிக்கோலும் சீப்புமாக அந்த மனிதரைக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறது.

வேரா பிளம்ட்ரி என்ற கைம்பெண் பாத்திரமும் அப்படித்தான். அவர் கணவர் எஞ்சின் ஓட்டியவர். ரயில்வேக்காரர்களுக்கு நடுவே ஒரு ரயில்வே வீட்டில் அவர் வாழ்க்கை போகிறது. ஸ்டேஷனை மூடினால் போர்ட்டருக்கு வேலை போகும், அது எல்லோருக்கும் புரியும். ஆனால் வேலையோடு ஒட்டிய வீடும் போகும், பக்கத்து வீட்டு மனிதர்களும் போவார்கள். இறந்துபோன கணவர் பெயரைச் சொன்னால் ‘ஆமாம், அவர் நல்ல ஓட்டுநர்’ என்று தலையாட்ட ஆள் இல்லாமல் போகும். 1963 பற்றிய புத்தகங்களில் மூடிய பாதைகளின் நீளம் கிடைக்கும். வேரா மாதிரியான ஒருவருக்கு என்ன ஆகும் என்பதை எனக்குக் காட்டியது உங்கள் தொடர்தான்.

பீச்சிங்கைப் பற்றியும் நியாயமாகச் சொல்ல வேண்டும். ரிச்சர்ட் பீச்சிங் இயற்பியல் படித்தவர், ஐசிஐ என்ற ரசாயன நிறுவனத்தில் தொழில்நுட்ப இயக்குநராக இருந்தவர். 1961-இல் ரயில்வேயைச் சீர்திருத்த வந்தபோது அவருக்கு ஆண்டுக்கு 24,000 பவுன் சம்பளம், அன்றைய பிரதமர் வாங்கியதை விட அதிகம். ரயில்வே அப்போது உண்மையாகவே பெரும் நஷ்டத்தில் இருந்தது. 1962-இல் மட்டும் பத்துக் கோடி பவுனுக்கு மேல். 1963 மார்ச் 27 அன்று வெளிவந்த அவருடைய அறிக்கை 2,363 ஸ்டேஷன்களையும் சுமார் 5,000 மைல் பாதையையும் மூடச் சொன்னது. மொத்தப் பாதையில் மூன்றில் ஒரு பங்கில் நூற்றுக்கு ஒரு பங்குப் பயணம்தான் நடக்கிறது என்று காட்டியது. கணக்கு பொய் என்று நான் சொல்லவில்லை. சரக்குப் பெட்டக ரயில்கள் பற்றி அதே அறிக்கை சொன்னது பலித்தும் இருக்கிறது.

ஆனால் அந்தக் கணக்கு எப்படி எடுக்கப்பட்டது? 1961 ஏப்ரல் 23-இல் முடிந்த ஒரே ஒரு வாரத்தில், எங்கே எத்தனை பேர் பயணம் செய்தார்கள் என்று எண்ணினார்கள். கோடையில் கடற்கரை ஊர்களுக்குக் கூட்டத்தை அள்ளிக்கொண்டு போகும் பாதை ஏப்ரலில் காலியாகத்தான் ஓடும். அதன் பிறகு மூடுவதை எதிர்த்து மனுப் போட்டவர்களுக்கு விசாரணை வைத்தார்கள். அங்கே ‘எனக்கு இதனால் என்ன கஷ்டம்’ என்று மட்டும்தான் பேசலாம். ‘உங்கள் கணக்கே தப்பு’ என்று பேச இடமில்லை. 1964-இல் ஆட்சி மாறிய பிறகும் மூடுவது நிற்கவில்லை.

உங்கள் துறையிலும் ஒரு வாரத்தில் எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற கணக்கு உண்டு. ‘ஓ, டாக்டர் பீச்சிங்!’ இரண்டு பருவங்களோடு 1997 செப்டம்பரில் முடிந்துவிட்டது. அதை அந்த எண்களை வைத்து மட்டும் எடைபோடாதீர்கள் என்பதுதான் என் வேண்டுகோள். முதல் ஒளிபரப்பில் பிடிபடாத மதிப்பு சில தொடர்களுக்கு முப்பது வருஷம் கழித்துக் கூடிவரும். இது அப்படிப்பட்ட ஒன்று. ஏன் என்பதைச் சொல்ல நான் ஆர்லிக்குப் போக வேண்டும்.

ஹேட்லியாக நீங்கள் காட்டியது ஆர்லி ஸ்டேஷன். செவர்ன் ஆற்றங்கரையில், பிரிட்ஜ்நார்த்துக்கும் கிடர்மின்ஸ்டருக்கும் நடுவே இருக்கிறது. 1862-இல் ஷ்ரூஸ்பரியிலிருந்து ஹார்ட்டில்பரி வரை 40 மைல் பாதையாகத் திறந்தது. பக்கத்திலேயே ஆற்றின் குறுக்கே ஒற்றை வளைவில் நிற்கும் விக்டோரியா பாலம், ஜான் ஃபௌலர் வடிவமைத்தது. இந்தப் பாதையில் பயணிகள் ரயில் நின்றது 1963 செப்டம்பரில். ஆமாம், உங்கள் கதை நடக்கும் அதே வருஷத்தில்! மூடும் திட்டம் அறிக்கை வருவதற்கு முன்பே இருந்தது என்றாலும், மக்கள் மனதில் எல்லாப் பழியும் பீச்சிங் பெயரில்தான் விழுந்தது. அதாவது, ‘மூடிவிடுவார்களோ’ என்று உங்கள் நடிகர்கள் பயந்து நடித்த பிளாட்பாரம், நிஜத்தில் மூடப்பட்டுக் கிடந்த பிளாட்பாரம்.

அதைத் திரும்பத் திறந்தது யார்? அரசும் இல்லை, பெரிய கம்பெனியும் இல்லை. 1965-இல் ஊர்க்காரர்களும் ரயில் பிரியர்களும் சேர்ந்து ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். பிரிட்ஜ்நார்த் பக்கத்து ஐந்தரை மைல் துண்டுக்கு 25,000 பவுன் விலை பேசினார்கள். 1970 மே மாதம் பிரிட்ஜ்நார்த்திலிருந்து ஹாம்ப்டன் லோட் வரை ரயில் ஓடியது. 1974-இல் ஆர்லியைத் தாண்டி பியூட்லி வரை. 1984-இல் கிடர்மின்ஸ்டர் வரை. இன்றைக்கு மொத்தம் 16 மைல். அலுவலகங்களிலும் தொழிற்சாலைகளிலும் வேலை பார்த்தவர்கள் ஓய்வு நாளில் வந்து தண்டவாளத்துக்கு அடியில் இருக்கும் ஸ்லீப்பர் கட்டைகளை மாற்றினார்கள், பெயின்ட் அடித்தார்கள், டிக்கெட் கிழித்தார்கள். 1990களில் உங்கள் கேமராக்கள் போய் இறங்கியபோது படமெடுக்க ஒரு ஸ்டேஷன் அங்கே நின்றதென்றால் அது அவர்கள் உழைப்பு.

ஆர்லி பிளாட்பாரத்தில் நின்று டோக்கன் மாற்றுவதைப் பார்த்திருக்கிறேன். ஒற்றைப் பாதை என்பதால் ஒரு நேரத்தில் ஒரு ரயில்தான் போகலாம். அதற்கு அடையாளம் அந்த டோக்கன். அது கையில் இல்லாமல் அடுத்த துண்டுக்குள் எஞ்சின் நுழையக் கூடாது. எஞ்சின் வேகம் குறைத்து வரும். சிக்னல்மேன் பிளாட்பார ஓரத்துக்கு வந்து நிற்பார். கரி படிந்த மேல்சட்டையோடு ஃபயர்மேன் பாதி உடம்பை வெளியே சாய்த்துப் பழையதைக் கொடுத்துப் புதியதை வாங்கிக்கொள்வார். இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்வார்கள், நீராவிச் சத்தத்தில் நமக்குக் கேட்காது. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் ரயில்வேயில் இருந்தவர்களுக்கு இந்தக் கைமாற்றம் நன்றாகத் தெரியும். இங்கிருந்து அங்கே போனதும் இதே முறைதான். தொடரில் சிக்னல் பெட்டியும் பிளாட்பாரமும் வெறும் செட்டாகத் தெரியாமல் இருப்பதற்குக் காரணம், இப்படி வேலை தெரிந்த மனிதர்கள் புழங்கும் நிஜ ஸ்டேஷனில் அது எடுக்கப்பட்டது.

தொடரில் குறையே இல்லையா என்றால், இருக்கிறது. மே, ஜாக், பார்க்கின் மூவருக்கும் நடுவிலான சந்தேக நாடகத்தை அளவுக்கு மேல் இழுத்திருக்கிறார்கள். பெண்களை வைத்துச் செய்த சில நகைச்சுவைகள் இன்றைக்கு ரசிக்கும்படி இல்லை. அவற்றை வெட்டாமல், காலத்தைச் சொல்லி அப்படியே காட்டுங்கள். 1995-இல் தனியாக ஒளிபரப்பிய முன்னோட்டப் பகுதியில் மேயாக நடித்தவர் ஷெர்ரி ஹியூசன். அடுத்த வருஷம் தொடராக வந்தபோது அந்த இடத்துக்கு ஜூலியா டீக்கின் வந்தார். இரண்டையும் காட்டுங்கள். ஒரே பாத்திரத்தை இரண்டு நல்ல நடிகைகள் எப்படி எடுத்திருக்கிறார்கள் என்று பார்ப்பதே ஒரு பாடம். கூடவே 1963-இல் கவிஞர் ஜான் பெட்ஜமன் சாமர்செட் கிளைப்பாதை ஒன்றில் பயணம் செய்து உங்களுக்காக எடுத்த படத்தையும் போடுங்கள். அந்தப் பாதை 1966-இல் மூடப்பட்டது. கிராஃப்ட் 2011-இலும் பால் ஷேன் 2013-இலும் ஸ்டீபன் லூயிஸ் 2015-இலும் காலமாகிவிட்டார்கள். தொடரில் பங்கெடுத்தவர்களில் இருப்பவர்களிடமும், படப்பிடிப்பின்போது உதவிய தன்னார்வலர்களிடமும், இப்போதே பேசிப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

இனி இரண்டாவது வேண்டுகோள். புதிய தொடர் ஏன் இப்போது?

2023 ஜூலையில் இங்கிலாந்தின் பெரும்பாலான ரயில் டிக்கெட் கவுண்டர்களை மூடப்போவதாக ரயில் நிறுவனங்கள் அறிவித்தன. பெரும்பாலானவர்கள் இயந்திரத்திலும் கைப்பேசியிலும் டிக்கெட் வாங்கிவிடுகிறார்கள், கவுண்டரில் வாங்குகிறவர்கள் சொற்பம் என்று கணக்குச் சொன்னார்கள். மறுபடியும் கணக்கு! முதலில் கருத்துச் சொல்ல மூன்றே வாரம் கொடுத்தார்கள், எதிர்ப்பு வந்ததும் நீட்டினார்கள். கிட்டத்தட்ட ஏழரை லட்சம் கருத்துகள் போய்க் குவிந்தன. அக்டோபர் 31 அன்று அரசு திட்டத்தைக் கைவிட்டது. எழுதியவர்களில் கண் தெரியாதவர்கள், சக்கர நாற்காலியில் போகிறவர்கள், வயதானவர்கள் ஏராளம். எத்தலின் கவுண்டர் எதற்கு என்று அறுபது வருஷம் கழித்து அவர்கள்தான் நாட்டுக்கு எடுத்துச் சொன்னார்கள்.

என் அம்மாவுக்கு ஆங்கிலம் அரைகுறை. மிட்லண்ட்ஸில் நாங்கள் போய்வரும் ஒரு சின்ன ஸ்டேஷனில், ஊர்ப் பெயர் எழுதிய துண்டுச் சீட்டைக் கவுண்டர் கண்ணாடிக்குக் கீழே தள்ளிவிடுவார். உள்ளே இருக்கும் அம்மணி அதைத் திருப்பி, பின்பக்கம் பிளாட்பார எண்ணைப் பெரிதாக எழுதுவார். மாற வேண்டிய ஸ்டேஷன் பெயரைக் கட்டம் போட்டுக் காட்டுவார். ‘இங்கே’ என்று விரலால் ஒரு தட்டுத் தட்டுவார். சீனியர் கார்டு இருக்கிறதா என்று சைகையிலேயே கேட்டு, காசைக் குறைத்துக் கொடுப்பார். அம்மா பதிலுக்குத் ‘தாங்க்ஸ்மா’ என்பார். அந்த ‘மா’ அந்த அம்மணிக்கு இப்போது பழகிவிட்டது. டிக்கெட் விற்பனைக் கணக்கில் இது ஒரு டிக்கெட், அவ்வளவுதான்.

இந்த இடத்தில் ஒரு தொடருக்கான கதை இருக்கிறது, அதுவும் குறைந்த செலவில் எடுக்கக்கூடியது. காலை ஷிஃப்ட் மட்டும் திறக்கும் கவுண்டர். பாதி நாள் வேலை செய்யாத டிக்கெட் இயந்திரம். பிளாட்பாரத்துப் பூந்தொட்டிகளைத் தத்தெடுத்துத் தண்ணீர் ஊற்றும் ஊர்த் தன்னார்வலர்கள், இவர்கள் நிஜமாகவே நாடு முழுக்க இருக்கிறார்கள். சக்கர நாற்காலிக்குச் சாய்வுப் பலகை போட வேண்டிய ஊழியர் எந்த ரயிலில் வருகிறார் என்று யாருக்கும் தெரியாத நிலைமை. ஞாயிற்றுக்கிழமை பராமரிப்பு என்று ரயிலை நிறுத்திவிட்டு விடும் பஸ்ஸும், வழி தெரியாத அதன் ஓட்டுநரும். இதில் பஞ்சாபிக்காரர் வரட்டும், போலந்துக்காரர் வரட்டும், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இரவு ஷிஃப்டில் ஸ்டேஷனைச் சுத்தம் செய்யும் ஒரு அண்ணன் வரட்டும். வெறும் வேடிக்கை உச்சரிப்புக்காக வேண்டாம். ஹாரிக்கும் வேராவுக்கும் கொடுத்த அளவு மனுஷத்தனத்தோடு வரட்டும்.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். எழுதும் குழுவில் ரயில்வேயில் வேலை பார்த்த ஒருவராவது இருக்க வேண்டும். ஸ்பெண்ட்லவ் இருந்ததால்தான் ஹேட்லி நின்றது. தூரத்திலிருந்து பார்த்து எழுதினால் ஸ்டேஷன் ஊழியர்கள் சோம்பேறிகளாகவோ தியாகிகளாகவோ ஆகிவிடுவார்கள். அவர்கள் இரண்டும் இல்லை. பசிக்கும், கோபம் வரும், ஷிஃப்ட் மாற்றச் சண்டை போடுவார்கள், அப்புறம் மழையில் ஒரு கிழவிக்குக் குடை பிடித்துக்கொண்டு பிளாட்பாரம் கடப்பார்கள்.

மென்மையான நகைச்சுவைக்கு இப்போது யார் இருக்கிறார்கள் என்று உங்கள் கூட்டத்தில் யாராவது கேட்கலாம். மூடிய பாதைகளுக்கும் யார் இருக்கிறார்கள் என்றுதான் கேட்டார்கள். 1969 ஜனவரியில் மூடிய எடின்பரோவிலிருந்து தெற்கே போகும் பாதையின் ஒரு பகுதி 2015-இல் டுவீட்பேங்க் வரை திறந்தது. டெவனில் ஓக்ஹாம்ப்டனுக்கு 2021 நவம்பரில் வழக்கமான ரயில் திரும்பியது. நார்தம்பர்லண்டில் 1964-இல் பயணிகள் ரயிலை இழந்த ஆஷிங்டனுக்கு 2024 டிசம்பரில் ரயில் வந்தது. மூன்று இடத்திலும் ஏறுவதற்கு ஆட்கள் இருந்தார்கள். உங்கள் தொடருக்கும் இருப்பார்கள். என் வீட்டில் மூன்று தலைமுறை ஒரே சோபாவில் உட்கார்ந்து, பிள்ளைகளின் காதைப் பொத்தாமல் பார்க்கக்கூடிய தொடர்கள் இப்போது மிகக் குறைவு.

ரயில் நிறுவனங்கள் ஒவ்வொன்றாக அரசின் கைக்குத் திரும்பிக்கொண்டிருக்கும் காலம் இது. சின்ன ஸ்டேஷன்களை என்ன செய்வது என்ற பேச்சு மறுபடி வரும். அது வருவதற்கு முன்பே ஹேட்லியை மக்கள் கண்முன் கொண்டுவாருங்கள். எந்த மாதம், எந்தச் சேனலில் என்று நீங்கள் அறிவித்தால், இந்தப் பக்கத்துத் தமிழ்ச் சங்கங்களுக்கும் தமிழ்ப் பள்ளிகளுக்கும் சொல்லிப் பார்க்க வைக்கும் வேலையை நான் எடுத்துக்கொள்கிறேன். புதிய தொடரைப் பற்றி ‘முடியாது’ என்பதே உங்கள் முடிவென்றால், அதையும் காரணத்தோடு வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

அன்புடனும் எதிர்பார்ப்புடனும்,
பர்மிங்காமிலிருந்து உங்கள் நேயர் ஒருவர்